அம்புக்குறி போட்ட அட்டவணை

கேள்வி: முதுகலை வரலாறு படிக்கும் நான், மார்க்சிய வரலாற்றுப் பார்வை குறித்து வகுப்பில் ஒரு கட்டுரை வாசிக்க வேண்டியுள்ளது. புராதனப் பொதுவுடைமை, அடிமையுடைமை, நிலப்பிரபுத்துவம், முதலாளித்துவம், சோசலிசம் என ஐந்து கட்டங்களை வரைந்து, ஒன்றிலிருந்து அடுத்ததற்கு அம்புக்குறி போட்டு ஓர் அட்டவணை தயாரித்திருக்கிறேன். எனக்கு மூன்று ஐயங்கள். இந்த ஐந்தையும் மார்க்ஸே வகுத்தாரா? 19ஆம் நூற்றாண்டில் அமெரிக்கப் பருத்தித் தோட்டங்களில் இருந்த அடிமைமுறையை எந்தக் கட்டத்தில் வைப்பது? ஒரு சமூகம் இவற்றுள் ஒரு படியைக் கடக்கவே இல்லை என்று தெரிந்தால் கோட்பாடே பொய்த்துவிடுமா? முன்னுரை ஒன்றில் 'ஆசிய உற்பத்தி முறை' என்ற சொல்லையும் கண்டேன்; என் அட்டவணையில் அதற்கு இடமே இல்லை.

பதில்:

அன்புள்ள மாணவருக்கு,

உங்கள் அட்டவணையைப் பார்த்ததும் சற்றுக் குற்ற உணர்வே வந்தது. பொருளாதார வரலாறு கற்பிக்கத் தொடங்கிய முதல் சில ஆண்டுகளில் நானும் கரும்பலகையில் இதே ஐந்து கட்டங்களையும் இதே அம்புக்குறிகளையும்தான் வரைந்துகொண்டிருந்தேன். மாணவர்கள் எளிதில் மனப்பாடம் செய்தார்கள். தேர்விலும் மதிப்பெண் கிடைத்தது. ஆனால் நீங்கள் இப்போது கேட்டிருக்கும் கேள்விகளுள் ஒன்றையும் அந்த அட்டவணையால் தீர்க்க முடியவில்லை.

முதல் ஐயத்துக்கு நேரான விடை, இந்த ஐந்தையும் இந்த வடிவில் மார்க்ஸ் எங்கும் வகுக்கவில்லை என்பதே. அவரும் எங்கெல்ஸும் 1845–46இல் எழுதி, அவர்கள் வாழ்நாளில் முழுமையாக அச்சேறாமல் போன 'ஜெர்மன் சித்தாந்தம்' என்னும் கையெழுத்துப் படியில், முதலாளித்துவத்துக்கு முந்தைய சொத்துடைமை வடிவங்களாகக் குலச் சொத்து, பண்டைய நகர அரசுகளின் சொத்து, நிலப்பிரபுத்துவச் சொத்து என்று மூன்றைச் சொன்னார்கள். 1859இல் 'அரசியல் பொருளாதார விமர்சனத்துக்கு ஒரு பங்களிப்பு' என்ற நூலுக்கு மார்க்ஸ் எழுதிய முன்னுரையில், ஆசிய, பண்டைய, நிலப்பிரபுத்துவ, நவீன முதலாளித்துவ உற்பத்தி முறைகள் என நான்கு பெயர்கள் வருகின்றன. நீங்கள் கண்ட முன்னுரை இதுவாகத்தான் இருக்க வேண்டும். 'பொதுப்படையாகச் சொன்னால்' என்ற எச்சரிக்கையோடு ஒரே வாக்கியத்தில் அந்த நான்கையும் சொல்லிவிட்டு அவர் நகர்ந்துவிடுகிறார். அந்த ஒரு வாக்கியத்தின் மீது பிற்காலத்தவர் ஏற்றிய பாரம் மிக அதிகம்.

வர்க்கங்கள் தோன்றுவதற்கு முந்தைய சமூகம் தனிக் கட்டமாக இடம்பிடித்ததற்கு வேறு வரலாறு உண்டு. 'இதுவரையிலான சமூகத்தின் வரலாறு அனைத்தும் வர்க்கப் போராட்டங்களின் வரலாறே' என்று 1848இல் கம்யூனிஸ்ட் கட்சி அறிக்கை கூறியது. 1888ஆம் ஆண்டின் ஆங்கிலப் பதிப்பில் எங்கெல்ஸ் அதற்கு அடிக்குறிப்பு எழுதி, 'எழுதப்பட்ட வரலாறு' என்று திருத்திக்கொண்டார். இடைப்பட்ட காலத்தில் அமெரிக்க மானிடவியலாளர் லூயிஸ் ஹென்றி மார்கனின் 'பண்டைய சமுதாயம்' 1877இல் வெளிவந்திருந்தது; அதையும் அதன் மீது மார்க்ஸ் எழுதி வைத்திருந்த குறிப்புகளையும் கொண்டு 1884இல் எங்கெல்ஸ் குடும்பம், தனிச்சொத்து, அரசு ஆகியவற்றின் தோற்றம் பற்றிய நூலை எழுதி முடித்திருந்தார். 1919இல் அரசு பற்றி ஆற்றிய சொற்பொழிவில் லெனின் வர்க்கமற்ற ஆதிச் சமூகம், அடிமைச் சமூகம், பண்ணையடிமைச் சமூகம் (அதாவது பிரபுவின் நிலத்தோடு பிணைக்கப்பட்ட விவசாயிகளின் சமூகம்), முதலாளித்துவம் என்ற வரிசையைச் சுருக்கமாக முன்வைத்தார். 'ஆசிய' என்ற பெயர் அங்கே இல்லை. 1931இல் லெனின்கிராடில் நடந்த விவாதத்தில் ஆசிய உற்பத்தி முறை என்ற கருத்தாக்கம் நிராகரிக்கப்பட்டது. 1938இல் ஸ்டாலின் எழுதிய 'இயங்கியல் பொருள்முதல்வாதமும் வரலாற்றுப் பொருள்முதல்வாதமும்' என்ற பகுதியில்தான் உற்பத்தி உறவுகளின் ஐந்து முதன்மை வகைகள், நீங்கள் வரைந்த அதே வரிசையில், பாடநூல் வாய்பாடாக நிலைபெற்றன. மார்க்ஸின் பெயரில் நம் கைக்கு வந்துசேரும் அட்டவணை, அவர் இறந்து 55 ஆண்டுகள் கழித்து இறுதி வடிவம் பெற்றது என்பதைக் கட்டுரையின் முதல் பக்கத்திலேயே சொல்லிவிடுங்கள்.

இனி, 'உற்பத்தி முறை' என்ற சொல் எதைக் குறிக்கிறது என்பதற்கு வருவோம். உழைப்பு, கருவிகள், நிலம், உழைப்பவரின் திறன் ஆகியவை சேர்ந்த உற்பத்திச் சக்திகளும், அவற்றின் மீது யாருக்கு என்ன பிடிமானம் என்பதைத் தீர்மானிக்கும் உற்பத்தி உறவுகளும் இணைந்ததே உற்பத்தி முறை என்று பாடநூல்கள் சொல்லும். தவறில்லை, ஆனால் இந்த வரையறையைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு சமூகத்தை ஆராயப் புகுந்தால், எங்கே தொடங்குவதென்று தெரியாது. 'மூலதனம்' மூன்றாம் தொகுதியில், நில வாடகை பற்றிய 47ஆம் அத்தியாயத்தில், மார்க்ஸ் இன்னும் கூர்மையான ஒரு வழியைக் காட்டுகிறார். நேரடி உற்பத்தியாளரிடமிருந்து ஊதியமில்லாத உபரி உழைப்பு எந்தக் குறிப்பிட்ட வடிவில் உறிஞ்சப்படுகிறதோ, அந்த வடிவமே ஆள்வோருக்கும் ஆளப்படுவோருக்கும் உள்ள உறவைத் தீர்மானிக்கிறது என்கிறார். உழைப்பவர் தம் பிழைப்புக்கு வேண்டியதற்கு மேலாக உழைக்கும் உழைப்பு யார் கைக்குப் போகிறது, எந்தக் கட்டாயத்தின் பேரில் போகிறது என்ற இந்தக் கேள்விதான் என் வாசிப்பில் கோட்பாட்டின் உயிர்நிலை. கட்டங்களின் பெயர்கள் அந்தக் கேள்விக்குக் கிடைத்த சில விடைகள். வேறு விடைகளும் இருக்கலாம்.

ஓர் எடுத்துக்காட்டை நெருங்கிப் பார்த்தால் இது விளங்கும். முதல் தொகுதியில், வேலைநாள் பற்றிய அத்தியாயத்தில், டான்யூப் ஆற்றுப் பகுதியிலுள்ள வாலாக்கியா நாட்டு விவசாயியின் கணக்கை மார்க்ஸ் போட்டுக் காட்டுகிறார். 1831இல் அங்கே கொண்டுவரப்பட்ட சட்டத்தின்படி ஒரு விவசாயி ஆண்டுக்குப் பொதுவாக 12 நாள்களும், வயல் வேலைக்கு 1 நாளும், விறகு சுமக்க 1 நாளும், ஆக 14 நாள்கள் நிலப்பிரபுவுக்குக் கூலியில்லாமல் வேலை செய்ய வேண்டும். கேட்பதற்கு எளிய சுமைதான். ஆனால் 'ஒரு நாள்' என்பது காலையிலிருந்து மாலை வரையுள்ள பொழுதைக் குறிக்கவில்லை. குறிப்பிட்ட அளவு வேலையைக் குறித்தது. எவ்வளவு பெரிய உடல்வலிமை உள்ளவனாலும் 24 மணி நேரத்தில் முடிக்க இயலாதபடி அந்த அளவு வகுக்கப்பட்டிருந்தது. ஆகவே 12 நாள் 36 ஆயிற்று, வயலுக்கான 1 நாள் 3 ஆயிற்று, விறகுக்கான 1 நாளும் 3 ஆயிற்று. 14 நாள் என்று எழுதப்பட்டது 42 நாளாக வளர்ந்தது. சிறப்புத் தேவைகளுக்காக ஊர் அனுப்ப வேண்டிய ஆள்களின் பங்கு தலைக்கு இன்னும் 14 நாள், மொத்தம் 56. அந்தத் தட்பவெப்பத்தில் ஆண்டுக்கு 210 நாள்களே வேளாண்மைக்கு உகந்தவை. அவற்றில் ஞாயிறும் விழாநாள்களும் 40, மழையும் காற்றும் கொண்டுபோவது 30. மிஞ்சும் 140 நாள்களில் 56 பிரபுவுக்கு, 84 தனக்கு.

இங்கே உபரி உழைப்பு கண்ணுக்குத் தெரிகிறது. விவசாயி இன்று தன் நிலத்தில் நிற்கிறான், நாளை பிரபுவின் நிலத்தில் நிற்கிறான். இரண்டுக்கும் நடுவே ஒரு வரப்பே இருக்கிறது. அடிமையைப் பார்த்தால், அவன் தன் சோற்றுக்காக உழைக்கும் நேரமும் எசமானுக்காகவே உழைப்பதுபோல் தோன்றும். உழைப்பு முழுவதும் ஊதியமில்லாததாகக் காட்சியளிக்கும். கூலித் தொழிலாளியிடம் இது நேர்மாறு. மணிக்கணக்குப்படி கூலி வாங்குவதால் அவருடைய உழைப்பு முழுவதற்கும் ஊதியம் கிடைத்துவிட்டதுபோல் தோன்றும். வேலைநாளில் எந்த மணியில் தன் கூலிக்கான மதிப்பை ஈடுகட்டி முடித்தார், எந்த மணியிலிருந்து உபரி மதிப்பை உண்டாக்குகிறார் என்று சொல்ல அங்கே வரப்பு கிடையாது. பிரபுவுக்குச் சட்டமும் சாட்டையும் தேவைப்பட்டன. முதலாளிக்கு, தொழிலாளியிடம் விற்க உழைப்புச் சக்தியைத் தவிர வேறொன்றும் இல்லை என்ற நிலைமையே போதுமானது. மூன்று உற்பத்தி முறைகளும் வேறுபடும் இடம் இதுதான். கருவி கலப்பையா எந்திரமா என்பது அடுத்த கேள்வி.

இந்த விளக்கத்தோடு உங்கள் இரண்டாம் ஐயத்துக்கு வரலாம். அமெரிக்கத் தென்மாநிலங்களில் அடிமைகள் சட்டப்படி இன்னொருவரின் உடைமை. ஆகவே அடிமையுடைமைக் கட்டம் என்று எழுதத் தோன்றும். ஆனால் ரோமானியப் பண்ணையின் அடிமையையும் மிசிசிப்பிக் கரையின் அடிமையையும் ஒரே பெட்டியில் போட்டால் ஏதோ இடறுகிறது. 1793இல் எலி விட்னியின் பருத்தி விதைநீக்கும் பொறி வந்தபின், இங்கிலாந்தின் லங்காஷயர் பருத்தி ஆலைகளின் தீராப் பசிக்கு ஈடுகொடுக்கவே அந்தத் தோட்டங்கள் விரிந்தன. மார்க்ஸ் இதை நன்கு கவனித்திருந்தார். உற்பத்தி உடனடித் தேவைகளுக்காக இருந்தவரை தென்மாநில அடிமைமுறையில் ஓரளவு தந்தைவழி ஆட்சியின் சாயல் இருந்தது என்றும், பருத்தி ஏற்றுமதி முதன்மையானபோது ஒரு மனித உயிரை ஏழே ஆண்டு உழைப்பில் தீர்த்துவிடுவதும் கணக்குப் பார்த்துச் செய்யும் காரியமாயிற்று என்றும், அதே வேலைநாள் அத்தியாயத்தில் எழுதுகிறார். கிழக்கு ஐரோப்பாவில் மேற்குக்குத் தானியம் அனுப்பிய பிரபுக்கள் பண்ணையடிமைத்தளையை முன்னிலும் இறுக்கினார்கள் என்பதும் இதே வகை. சந்தை வளர்ந்தால் பழைய தளைகள் தாமாகக் கழன்றுவிடும் என்பதை இவ்விரண்டு அனுபவங்களும் மறுக்கின்றன.

ஆகவே உழைப்பைச் சுரண்டும் வடிவம், உற்பத்தி முறை, ஒரு நாட்டில் ஒரு காலத்தில் நிலவும் முழுச் சமூக அமைப்பு ஆகிய மூன்றையும் பிரித்தே பேச வேண்டும். ஒரே சமூகத்தில் பல உற்பத்தி முறைகள் அருகருகே இருக்கலாம். அவற்றுள் ஒன்று மற்றவற்றை ஆட்டிவைக்கலாம். ரோமிலும் கூலி வாங்கியவர்கள் இருந்தார்கள், சுதந்திரமான சிறு விவசாயிகளும் ஏராளம். பிறகு ஏன் அதை அடிமைச் சமூகம் என்கிறோம்? பண்டைய கிரேக்க உலகின் வர்க்கப் போராட்டம் பற்றி ஜி. இ. எம். த ஸான்த் குரோவா 1981இல் வெளியிட்ட ஆய்வில் இதற்கு ஒரு தெளிவான விடை உண்டு. மொத்த உற்பத்தியில் பெரும்பகுதி யாருடையது என்று அவர் கேட்கவில்லை. சொத்துள்ள வர்க்கம் தன் உபரியை முதன்மையாக எவரிடமிருந்து பெற்றது என்று கேட்டார், சுதந்திரமற்ற உழைப்பிலிருந்தே பெற்றது என்று காட்டினார். தலைகளை எண்ணுவதைவிட இது நல்ல அளவுகோல். அமெரிக்கத் தோட்டங்களைப் பொறுத்தவரை, அவை முதலாளித்துவமே என்போரும், முதலாளித்துவச் சந்தையோடு பிணைந்த தனி உற்பத்தி முறை என்போரும் மார்க்சிய ஆய்வாளர்களிடையே இன்றும் உண்டு. எனக்கு இரண்டாவது தரப்பே பொருத்தமாகப் படுகிறது. தோட்ட முதலாளி ஆலை முதலாளியைப் போல ஆளை வேலையைவிட்டு நீக்கிச் செலவைக் குறைக்க முடியாது, ஏனென்றால் அவருடைய முதலே அந்த ஆளில்தான் முடங்கியிருக்கிறது.

அம்புக்குறிகளைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும். உற்பத்திச் சக்திகள் வளர்ந்து, பழைய உறவுகள் அவற்றுக்கு விலங்காகும்போது சமூகப் புரட்சியின் காலம் தொடங்குகிறது என்பது 1859 முன்னுரையின் வாசகம். கையால் சுற்றும் திரிகை நிலப்பிரபுவைத் தரும், நீராவி ஆலை முதலாளியைத் தரும் என்று 1847இலேயே அவர் எழுதியிருந்ததை எல்லாரும் மேற்கோள் காட்டுவார்கள். கேட்க நன்றாக இருக்கிறது, நம்பிவிடத்தான் கூடாது. ரோமானியப் பேரரசே நீர்ச்சக்கரத்தை விட்டுச்சென்றது என்று பின்னாளில் 'மூலதன'த்தில் எழுதியவரும் அவரே; அந்த நீர்ச்சக்கரம் அடிமைகளின் காலத்திலும் சுழன்றது, பண்ணையடிமைகளின் காலத்திலும் சுழன்றது.

முதலாளித்துவம் உண்மையில் எப்படிப் பிறந்தது என்பதை அவர் வரலாறாக எழுதிய இடம், முதல் தொகுதியின் இறுதியில் ஆதித் திரட்டலைப் பற்றி, அதாவது மூலதனம் முதன்முதலில் திரண்ட விதத்தைப் பற்றி, வரும் அத்தியாயங்கள். அங்கே எந்திரத்துக்கு அதிக வேலை இல்லை. நிலத்திலிருந்து மக்களைப் பிரித்தெடுத்ததே கதை. ஸ்காட்லாந்தில் சதர்லண்ட் சீமாட்டியின் நிலத்தில் 1814 முதல் 1820 வரை ஏறத்தாழ 3,000 குடும்பங்களைச் சேர்ந்த 15,000 பேர் வெளியேற்றப்பட்டார்கள், அவர்கள் இருந்த இடத்தில் 1,31,000 ஆடுகள் மேய்ந்தன என்று அவர் கணக்குத் தருகிறார். இதன் மறுபக்கம் பீல் என்பவரின் கதை. ஐம்பதாயிரம் பவுன் மதிப்புள்ள உணவுப் பொருள்களையும் கருவிகளையும், ஆண், பெண், குழந்தைகளாக 300 உழைப்பாளிகளையும் ஏற்றிக்கொண்டு அவர் இங்கிலாந்திலிருந்து மேற்கு ஆஸ்திரேலியாவின் ஸ்வான் ஆற்றங்கரைக்குப் போனார். போய் இறங்கியதும், படுக்கை விரிக்கவோ ஆற்றிலிருந்து தண்ணீர் மொண்டுவரவோ ஒரு வேலையாள்கூட மிஞ்சவில்லை. ஏனெனில் அங்கே நிலம் எளிதாகக் கிடைத்தது. யாரும் யாருக்கும் கூலிக்கு நிற்க வேண்டிய கட்டாயம் இல்லை. எல்லாவற்றையும் கப்பலேற்றிய பீல், இங்கிலாந்தின் உற்பத்தி உறவுகளை மட்டும் ஏற்ற மறந்துவிட்டார் என்று மார்க்ஸ் கிண்டல் செய்கிறார். உற்பத்தி உறவு என்பதற்கு இதைவிட நல்ல விளக்கத்தை நான் எந்தப் பாடநூலிலும் படித்ததில்லை. உங்கள் கட்டுரையில் இதற்கு அரைப் பக்கமாவது ஒதுக்குங்கள். நிலப்பிரபுத்துவம் எதனால் தளர்ந்தது என்பது பற்றி மாரிஸ் டாபின் 1946ஆம் ஆண்டு நூலைத் தொடர்ந்து பால் ஸ்வீஸி 1950இல் எழுப்பிய விவாதமும், 1976இல் ராபர்ட் பிரென்னர் எழுதிய கட்டுரையும் இந்த இடத்திலிருந்து கிளைத்தவைதான். பிரபுவுக்கும் விவசாயிக்கும் இடையிலான போராட்டமா, வணிகத்தின் வளர்ச்சியா, எது முதன்மையான காரணம் என்பதே அங்கே வழக்கு.

மூன்றாம் ஐயத்துக்கு மார்க்ஸே பதில் எழுதிவிட்டார். மேற்கு ஐரோப்பாவில் முதலாளித்துவம் தோன்றியதைப் பற்றிய தம் சித்திரத்தை, எல்லா மக்களும் விதிவசமாகக் கடந்தாக வேண்டிய பொதுப் பாதையாக மாற்றிவிட வேண்டாம் என்று 1877இல் ஒரு ரஷ்ய இதழுக்கு அனுப்புவதற்காக எழுதிய கடிதத்தில் கூறினார். அதற்கு அவர் காட்டிய சான்று பண்டைய ரோம்: நிலத்தை இழந்த ரோமானியக் குடியானவர்களும், பெருஞ்சொத்துச் சேர்த்தவர்களும் எதிரெதிரே நின்றார்கள், இங்கிலாந்தில் கூலித் தொழிலாளி உருவான நிலைமையை இது ஒத்திருந்தும், அங்கே உருவானது வேலையற்ற கும்பலும் அடிமை உழைப்பும்தான். 1881 பிப்ரவரியில் வேரா சாசுலிச் என்ற ரஷ்யப் புரட்சியாளர், நிலத்தைப் பொதுவில் வைத்திருக்கும் எங்கள் கிராமக் கம்யூன் அழிந்தே தீர வேண்டுமா என்று கேட்டு எழுதினார். அவருக்குப் பதில் எழுத மார்க்ஸ் மீண்டும் மீண்டும் வரைவு எழுதி அடித்திருக்கிறார். வரைவுகள் நீண்டவை, மார்ச் 8 அன்று அனுப்பிய கடிதமோ மிகச் சிறியது. முதலாளித்துவம் தோன்றும் அந்தப் போக்கின் 'வரலாற்றுத் தவிர்க்கவியலாமை' மேற்கு ஐரோப்பிய நாடுகளுக்கு மட்டுமே உரியதென்று தாம் வரம்பிட்டிருப்பதை அதில் சுட்டிக்காட்டினார். ஆகவே ஒரு சமூகம் ஒரு படியைக் கடக்கவில்லை என்பதால் பொய்த்துப்போவது 1938ஆம் ஆண்டின் வாய்பாடு. மார்க்ஸின் கோட்பாட்டை மறுக்க விரும்புபவர் வேறிடத்தில் கைவைக்க வேண்டும்: உபரியை உறிஞ்சும் வடிவத்தைக் கொண்டு அரசையும் சட்டத்தையும் விளக்க முடியாத ஒரு சமூகத்தைக் காட்ட வேண்டும். அப்படிக் காட்ட முயன்றவர்கள் உண்டு. அந்த வாதம் மதிப்புக்குரியது.

ஆசிய உற்பத்தி முறையைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்கிறேன், ஏனென்றால் கோட்பாட்டின் மிகப் பலவீனமான பகுதி அதுவே என்பது என் கருத்து. 1853இல் இந்தியாவைப் பற்றி நியூயார்க் நாளிதழ் ஒன்றுக்கு எழுதிய காலந்தொட்டு மார்க்ஸ், நிலத்தில் தனியுடைமை இன்மை, நீர்ப்பாசனத்தை நடத்தும் மைய அரசு, தன்னிறைவான கிராமங்கள் என்ற சித்திரத்தை வைத்திருந்தார். பிற்கால ஆய்வு இந்தச் சித்திரத்தின் பெரும்பகுதியைக் கலைத்துவிட்டது; முகலாயர் கால வேளாண்மையை ஆராய்ந்து இர்ஃபான் ஹபீப் 1963இல் வெளியிட்ட நூல், பலதரப்பட்ட நில உரிமைகளையும் பணத்தில் வசூலித்த வரியையும் ஊருக்குள் நிலவிய ஏற்றத்தாழ்வையும் எடுத்துக்காட்டுகிறது. ஆயினும் ஒரு விதை மிஞ்சுகிறது. அரசே நிலவுடைமையாளராக விவசாயியை எதிர்கொள்ளும்போது, வாடகையும் வரியும் ஒன்றாகிவிடுகின்றன என்று 47ஆம் அத்தியாயத்தில் ஒரு குறிப்பு வருகிறது. பொருளியலாளர் சமீர் அமீன் போன்றோர் முன்வைத்த 'திறை உற்பத்தி முறை' (உபரி ஆள்வோருக்குத் திறையாகப் போகும் முறை) என்ற கருத்தாக்கம் அந்தக் குறிப்போடு ஒத்துப்போவது. 'ஆசிய' என்ற புவியியல் பெயரையும் அதோடு ஒட்டிவந்த தேக்கநிலை என்ற பழியையும் அது விலக்கிவிடுகிறது.

அட்டவணையைத் தூக்கிப்போட வேண்டாம். அம்புக்குறிகளை மட்டும் அழித்துவிட்டு, பெட்டிகளை மூன்று நெடுவரிசைகளாக மாற்றுங்கள். நிலமும் கருவியும் யாரிடம் உள்ளன, உபரி எந்தக் கட்டாயத்தால் கைமாறுகிறது, உழைப்பாகவா பொருளாகவா பணமாகவா கைமாறுகிறது என்று ஒவ்வொரு பெயருக்கு எதிரிலும் நிரப்புங்கள். நிலப்பிரபுத்துவத்துக்கு எதிரில் மூன்று வடிவங்களுமே வருவதைக் காண்பீர்கள். சோசலிசத்தைக் கோடிட்டுத் தனியே பிரித்து எழுதுங்கள். மற்றவை நடந்தவற்றைப் பற்றிய பகுப்பாய்வு, அதுவோ 1875இல் ஜெர்மன் சோசலிசக் கட்சியின் கோத்தா வேலைத்திட்டத்தின் மீதான விமர்சனத்தில் மார்க்ஸ் சில பத்திகளில் மட்டுமே தொட்டுக்காட்டிய எதிர்காலம். வாசிப்பை 1859 முன்னுரையில் தொடங்காதீர்கள். வேலைநாள் அத்தியாயத்தில் வாலாக்கியக் கணக்கு வரும் பகுதி, பிறகு ஆதித் திரட்டல், பிறகு 47ஆம் அத்தியாயம், கடைசியாகச் சாசுலிச்சுக்கு எழுதிய வரைவுகள் என்ற வரிசையில் போங்கள். ஒரு மாத அவகாசம் இருந்தால் நான்கையும் முடித்துவிடலாம். அவ்வளவு இல்லையென்றால் 47ஆம் அத்தியாயத்தை ஒத்திவையுங்கள், பீலின் கதையை மட்டும் விட்டுவிடாதீர்கள்.